ஒப்பிட ஒரு சுத்தமான வீடு

மார்ச் 4

சுண்டுவின் அம்மாவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே கத்துகிறேனாம், சொல்வதை எழுதி அனுப்பு என்றாய். எழுதுகிறேன். நீ அப்படிச் சொன்னாய், நான் சொல்லவே இல்லை என்ற தகராறாவது மிச்சம்.

பார்சலில் இரண்டு பேட்ஜ் இருக்கின்றன. கோட்டுப் பொத்தான் அளவில் வட்டமான பிளாஸ்டிக் டப்பி, உள்ளே மருந்து தடவிய காகித வில்லை. காற்றில் சிகரெட் புகை கலந்திருந்தால் அதிலுள்ள நிகோட்டின் அந்த வில்லையில் போய் ஒட்டிக்கொள்ளும். லேபில் கரைத்துப் பார்த்தால் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பச்சைப் புள்ளி வைத்ததைத் திறந்து, சுண்டு தூங்கும் அறையில் அவள் மூக்கு உயரத்துக்கு மாட்டு. ஜன்னல் பக்கமும் ஃபேன் பக்கமும் வேண்டாம். ஒரு வாரம் போனதும் மூடித் திருப்பி அனுப்பு. புள்ளி இல்லாததைத் திறக்கவே கூடாது. வழியில் எதுவும் ஒட்டவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. லேபில் தண்ணீர் பரிசோதிக்கிற உனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது பேட்ஜை நம் வீட்டில் மாட்டியிருக்கிறேன். ஒப்பிட ஒரு சுத்தமான வீடு வேண்டும். யாரும் புகைக்காத, யாரும் வந்து புகைத்துவிட்டுப் போகாத வீடு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஜனவரியில் நான் அங்கே வந்தபோது நடந்ததைப் பற்றி. மாமா மடியிலிருந்து குழந்தையைப் பிடுங்கினேன், உண்மை. "பேத்திக்கு விஷம் ஊட்டுறீங்க" என்று உன் சித்தப்பா, பக்கத்து வீட்டு வாத்தியார் எல்லோர் முன்னாலும் சொன்னேன், அதுவும் உண்மை. சொன்ன இடம் தப்பு என்கிறாய். நாலு வயதுக் குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது, விலா எலும்பு உள்ளே போய் வருகிறது. நான் நல்ல நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

நீ மாற்றல் வாங்கி உன் அப்பா வீட்டுக்குப் போன அக்டோபரிலிருந்து இந்த வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. பகலெல்லாம் எங்காவது ஒரு சீட்டாட்டக் கிளப்பில், பாரில், பில்லியர்ட்ஸ் ஹாலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பைக்குள் மெஷின் காற்றை உறிஞ்சுகிறது. சப்ளை செய்யும் பையன்கள், கேஷியர்கள் எத்தனை பேருடைய புகையைச் சும்மா குடிக்கிறார்கள் என்று எண்ணிக்கொடுப்பதுதான் என் வேலை. ஊரான் மூச்சையெல்லாம் அளக்கிறவன் பெற்ற மகளின் மூச்சை அளக்கக் கூடாதா?

எண் அதிகமாக வந்தால் மாற்றலை ரத்து செய்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வா. வேறு பேச்சில்லை.


மார்ச் 10

சுண்டுவின் அப்பாவுக்கு,

பேட்ஜை மாட்டிவிட்டேன். கட்டில் கால் பக்கம், அலமாரி ஓரத்தில், நீ சொன்ன உயரத்தில். சுண்டு அதற்குத் தினமும் ஒரு முறை ஊதிக் காட்டுகிறாள். ஊதக் கூடாது என்று நீ எழுதவில்லை, அதனால் நானும் தடுக்கவில்லை.

"வேறு பேச்சில்லை" என்று முடித்திருக்கிறாய். கடிதத்திலும் உனக்குக் கத்தத்தான் வருகிறது.

அப்பா சிகரெட் குடிப்பவர். நான் அதை எந்தக் காலத்திலும் மறைத்ததில்லை. ஆனால் சுண்டு வந்த நாளிலிருந்து கேட்டைத் தாண்டித்தான் பற்றவைக்கிறார். நீ நம்பவில்லை. பஸ் ஓட்டிய மனுஷன், சீட்டில் உட்கார்ந்தபடியே பற்றவைத்துப் பழகிய கை, அது எப்படிக் கேட்டைத் தாண்டும் என்று கேட்டாய். தாண்டுகிறது, நான் தினமும் பார்க்கிறேன்.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். அப்பா அவளைத் தூக்குவதை விட்டுவிட்டார். நர்சரியிலிருந்து கூட்டி வருவது அவர்தான், ஆனால் கையைப் பிடிக்காமல் ஒரு குச்சியின் ஒரு முனையை அவளிடம் கொடுத்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வருகிறார். ரயில் விளையாட்டு என்று சொல்லியிருக்கிறார். அவளும் கூவிக்கொண்டே வருகிறாள். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "உங்க ரயிலுக்கு ஸ்டேஷனே கிடையாதா" என்று முந்தாநாள் கத்திவிட்டாள்.

உன் நிபந்தனையை ஏற்கிறேன். என்னுடையதையும் கேட்டுக்கொள். எண் அதிகமாக வந்தால் நான் வருகிறேன். உன் கூற்று தப்பென்று வந்தால், நீ இங்கே வந்து அதே சித்தப்பா, அதே வாத்தியார் முன்னால் அப்பாவிடம் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை நீ இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம். நானும் உன் வீட்டுக்கு வரமாட்டேன்.

பார்த்தாயா, "உன் வீடு" என்று எழுதியிருக்கிறேன். அடித்து எழுதலாம் என்று நினைத்தேன். இருக்கட்டும்.


மார்ச் 24

சுண்டுவின் அம்மாவுக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. சுண்டு அறையில் நிகோட்டின் இருக்கிறது. குறைவுதான், ஆனால் இருக்கிறது. மாமா கேட்டைத் தாண்டுகிறார், புகை தாண்டாமல் அவரோடேயே உள்ளே வருகிறது. முடி, விரல், பனியன் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வரும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, எங்கள் துறையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

திறக்காத பேட்ஜ் சுத்தம். ஆகவே வழியில் கோளாறு இல்லை.

கோளாறு வேறு இடத்தில். நம் வீட்டில் மாட்டியது உன் வீட்டைவிட அதிகம் காட்டுகிறது. கொஞ்சம் அதிகம் என்றால் விட்டுவிடலாம், மடங்குக் கணக்கில். யாரோ லேபில் மாற்றி வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் கழுவாத குடுவையில் கரைத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பிடித்துக் கேட்டேன், அழுதுவிட்டாள். லேப் பொறுப்பிலிருக்கும் மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் கஷ்டம்.

"ஒப்பிட வெச்சதே அழுக்குன்னா மத்த எதையும் நம்ப முடியாது, தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். புது பேட்ஜ் ஒன்றை வீட்டில் மாட்டியிருக்கிறேன். பூட்டைக்கூட மாற்றிவிட்டேன்.

இதற்கிடையில் இன்னொரு வழி இருக்கிறது. சுண்டுவின் முடி வேண்டும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வளரும்போது உடம்பில் இருக்கும் நிகோட்டினையும் சேர்த்துக்கொண்டே வளர்கிறது. தலையோடு ஒட்டிய பக்கம் நேற்றைய கதை, நுனிப் பக்கம் போன வருஷத்துக் கதை. நீங்கள் போய் ஐந்து மாதம். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள முடியாக எடுத்தால், வேர்ப்பக்கம் பாதி உன் அப்பா வீடு, நுனிப்பக்கம் பாதி நம் வீடு. பேட்ஜ் ஒரு வாரத்தைத்தான் காட்டும், முடி மொத்தத்தையும் காட்டிவிடும்.

பின்மண்டையிலிருந்து ஒரு சிறு கற்றை எடு, தீக்குச்சித் தடிமன் போதும். தலையை ஒட்டி வெட்டு. வேர்ப்பக்கம் ஒரு நூல் கட்டு. காகிதத்தில் மடித்து அனுப்பு.

அவளுக்கு மூச்சு எப்படி இருக்கிறது? இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.


ஏப்ரல் 2

சுண்டுவின் அப்பாவுக்கு,

முடி இதோடு இருக்கிறது.

எப்படி எடுத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கத்தரிக்கோலைப் பார்த்ததும் சுண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அம்மா பொம்மையைக் காட்டினாள், நான் மிரட்டினேன், எதற்கும் மசியவில்லை. "தாத்தா பிடிச்சா வர்றேன்" என்று உள்ளேயிருந்து குரல். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்காத மாதிரி இருந்தார். நான் போய்க் கூப்பிட்டேன்.

எழுந்து பின்பக்கம் போனார். தண்ணீர் கொட்டும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. தலை ஈரமாக, அலமாரியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து அறை வாசலில் நின்றார்.

"தொடலாமா?"

என்னிடம்தான் கேட்டார். என் அப்பா, என் மகளைத் தொடலாமா என்று என்னிடம் கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் அவளை மடியில் வைத்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். சுண்டு அசையவே இல்லை. வெட்டி முடித்த பிறகும் இறங்கவில்லை. அவராகத்தான் இறக்கிவிட்டார்.

இதை நான் உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. குத்திக்காட்டவும்தான்.

மூச்சு பரவாயில்லை. இங்கே வந்த பிறகு இன்ஹேலர் எடுத்தது கைவிரலுக்குள் அடங்கும். அங்கே வாரத்துக்கு எத்தனை முறை என்று உனக்கே தெரியும். ஊர் மாறியது, அதனால் இருக்கலாம் என்று நீ சொல்வாய், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நம் வீட்டுப் பேட்ஜ் அப்படிக் காட்டியது என்று எழுதினாயே, அதிலிருந்து மனது ஒரு இடத்தில் நிற்கவில்லை. அங்கே யார் வருகிறார்கள்?


ஏப்ரல் 16

சுண்டுவின் அம்மாவுக்கு,

உட்கார்ந்து படி.

முடி ரிசல்ட் வந்துவிட்டது. நூல் கட்டிய பாதியில் அதிகம், மறுபாதியில் குறைவு. இரண்டு தடவை பார்க்கச் சொல்லி, இரண்டு தடவையும் அதே பதில். ஆக, நம் வீட்டில் இருந்த வரை குறைவாக இருந்தது உன் அப்பா வீட்டுக்குப் போனதும் ஏறியிருக்கிறது. இனி யாரும் மழுப்ப முடியாது.

அப்படியானால் பேட்ஜ் ஏன் குறைவாகக் காட்டியது என்று கேட்பாய். பேட்ஜ் சுவரில் தொங்குவது அவருக்குத் தெரியும். அந்த ஒரு வாரம் மட்டும் ஒழுங்காக நடித்திருக்கிறார். கிளப் முதலாளிகளிடம் நாங்கள் அன்றாடம் பார்ப்பது இது. மெஷினைப் பார்த்தால் ஜன்னலைத் திறப்பார்கள், நாங்கள் தலை மறைந்ததும் மூடுவார்கள். தலைக்குக் குளித்துப் புதுச் சட்டை போட்டு வந்து நின்றாரே, அதுவும் அந்த வகைதான். எனக்குக் கண்ணீர் வரவில்லை.

நம் வீட்டில் மாட்டிய இரண்டாவது பேட்ஜும் அதிகம். இதற்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டேன், கீழ் வீடு. குளியலறைக் குழாய் போகும் இடைவெளி வழியாகப் புகை மேலே ஏறுகிறது. நேராகப் போய்க் கீழ் வீட்டுத் தையல்காரரிடம் கேட்டேன். மனுஷன் வாயைத் திறந்து பல்லைக் காட்டினார். "நல்லா பாருங்க தம்பி, டீக்கறை மட்டும்தான்" என்றார். பல்லில் தெரியாது, எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான். குழாய் இடைவெளியைச் சிமெண்ட் வைத்து நானே அடைத்துவிட்டேன். கட்டிலை இடம் மாற்றினேன். திரைச்சீலையைக் கழற்றினேன். திரும்ப மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. நீ ஒப்புக்கொண்ட நிபந்தனை. நீ வராவிட்டால் நான் வந்து தூக்கிக்கொண்டு வருவேன், மாமா கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாலும் சரி, அந்தப் பக்கம் நின்றாலும் சரி.


ஏப்ரல் 20

உன் கடிதம் வந்தபோது நான் ஆபீசில் இருந்தேன். அப்பா பிரித்துவிட்டார். ரிசல்ட் என்று தெரிந்து, தாங்க முடியாமல் பிரித்தாராம். முழுவதும் படித்திருக்கிறார்.

நான் வரும்போது அவர் வீட்டில் இல்லை. துணிப்பையில் இரண்டு செட் வேட்டி சட்டையோடு தன் தங்கை, என் அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். "புள்ள நல்லா மூச்சு விடட்டும்" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். "ஒரு பொத்தானுக்குப் பயந்து வீட்டை விட்டுப் போன ஆம்பள உலகத்திலயே இவர் ஒருத்தர்தான்" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. சுண்டு குச்சியை எடுத்துக்கொண்டு போய் கேட்டில் நிற்கிறாள்.

இப்போது நீ உட்கார்ந்து படி.

நூலை நான் நுனியில் கட்டினேன். அவள் துள்ளிக்கொண்டிருந்தாள், வெட்டும்போது முடி சிதறிவிடும் என்று பின்னலுக்கு ரிப்பன் கட்டுகிற மாதிரி முதலில் நுனியைக் கட்டிவிட்டு அப்புறம் வெட்டினேன். வேர்ப்பக்கம் கட்டு என்று நீ எழுதியிருந்தாய், அந்த நேரத்தில் அது மனதில் இல்லை. என் தப்பு. லேபில் வேலை செய்கிறவள் செய்யக்கூடாத தப்பு. ஆனால் ஒரு போன் போட்டு "எந்தப் பக்கம் கட்டினாய்" என்று நீ கேட்டிருக்கலாம். பேட்ஜ் ஒன்று சொல்கிறது, முடி வேறொன்று சொல்கிறது என்றால் சாம்பிள் எடுத்தவளைத்தானே முதலில் கேட்பார்கள்? உனக்கு வேண்டிய பதில் வந்துவிட்டது, அதனால் கேட்கவில்லை.

தலைகீழாகப் படித்துப் பார். இங்கே குறைவு, அங்கே அதிகம்.

பூட்டை மாற்றினாய், குழாயை அடைத்தாய், தையல்காரர் பல்லைப் பார்த்தாய். ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டாய். நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. நீ சிகரெட் குடிக்கிறாயா? பாரிலும் கிளப்பிலும் உட்கார்ந்து உட்கார்ந்து பழகிவிட்டாயா? ஆமாம் என்றால்கூட நான் தாங்கிக்கொள்வேன். என் அப்பாவைத் துரத்திவிட்டு நீ மறைத்திருக்கிறாய் என்றால் தாங்கமாட்டேன்.


மே 8

சுண்டுவின் அம்மாவுக்கு,

நான் சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. இதை அன்றைக்கே எழுதியிருப்பேன். எழுதி, கிழித்து, திரும்ப எழுதினேன். வெறும் வாயால் சொன்னால் நீ எப்படி நம்புவாய், எண்ணோடு சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்த கோபத்தில் கீழே இறங்கிப் போய்த் தையல்காரர் கதவைத் தட்டினேன். எனக்கு ஒரு சாட்சி வேண்டும். "நான் குடிக்கிறதில்லைன்னு நீங்களாவது சொல்லுங்க" என்றேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க படியேறினா என் பொண்டாட்டி கதவைச் சாத்துவா தம்பி. மேல் வீட்டு சிகரெட்காரர் வந்துட்டாருன்னு."

கை விரலை நீட்டினேன், வாயை ஊதிக் காட்டினேன். அவர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து என் மூக்கிலேயே வைத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாள் முழுக்க அதிலேயே ஊறுகிற மூக்குக்கு எப்படித் தெரியும்? அவர் தன் மேஜையில் வெட்டி வைத்திருந்த புதுத் துணியை எடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். அப்புறம் என் சட்டையைத் திரும்ப முகர்ந்தேன். தெரிந்தது.

ஒரு வாரம் இப்படி இருந்து பார்த்தேன். வேலை முடிந்ததும் லேபிலேயே தலைக்குக் குளித்து, உடுப்பை அங்கேயே ஒரு பையில் கட்டிப் போட்டுவிட்டு, வேறு உடுப்பில் வீட்டுக்கு வந்தேன். மெஷின் பையையும் லேபிலேயே வைத்தேன். வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டுப் புது பேட்ஜ் மாட்டினேன். எண் இறங்கிவிட்டது. உன் அப்பா வீட்டு எண்ணுக்கும் கீழே.

கீழ் வீட்டிலிருந்து எதுவும் வரவில்லை. நான்தான் தினமும் கொண்டு வந்தேன்.

நீங்கள் இங்கே இருந்தபோது நான் வந்ததும் செய்த முதல் வேலை என்ன? செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளைத் தூக்குவேன். அவள் என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொள்வாள். கோட்டைக் கழற்றி அவள் கட்டில் தலைமாட்டில் போடுவேன், அவள் அதைப் போர்த்திக்கொண்டு தூங்குவாள். நீ எடுத்து மாட்டினால் அழுவாள். மாமா கேட்டுக்கு வெளியே ஒன்று குடித்துவிட்டு வருகிறார். நான் ஒரு கிளப் நிறைய ஆட்கள் குடித்ததைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்.

லேபில் ஒரு விதி உண்டு. கிளப்பிலிருந்து வரும் பேட்ஜை இரண்டு உறையில் போட்டு ஒட்டித்தான் மற்ற பேட்ஜ் இருக்கும் அறைக்குள் கொண்டுபோக வேண்டும். ஒன்றின் நாற்றம் இன்னொன்றில் ஏறிவிடும். மூன்று வருஷமாக ஒரு நாளும் நான் தவறியதில்லை. பிளாஸ்டிக் டப்பிக்கு இரண்டு உறை போட்டேன், பிள்ளைக்குப் போடவில்லை.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் புதுப் பெண்ணிடம் முதலில் போய் மன்னிப்பு கேள் என்றார், கேட்டேன். கிளப் வேலையிலிருந்து என்னை மாற்ற முடியுமா என்றும் கேட்டேன். இந்த வருஷம் முடியாதாம், ஆள் இல்லை. ஆனால் குளியலறைச் சாவி ஒன்று கொடுத்திருக்கிறார்.

உன் அத்தை வீட்டு விலாசம் அனுப்பு.


மே 12

விலாசம் கீழே இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன்மேல் பாய வேண்டும் என்று தேடித் தேடிப் பார்த்தேன், இடமே கொடுக்காமல் எழுதியிருக்கிறாய். அதுவும் கோபமாகத்தான் இருக்கிறது. அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வது எனக்கும் தெரியும், உன் சட்டையைத் துவைத்தவள் நான். நாற்றம் வரும். வேலை நாற்றம் என்று நினைத்துக்கொண்டு சோப்பை அதிகமாகப் போட்டேன்.

நீ குடிக்கிறாயா என்று கேட்டதற்கு மன்னிப்பு கேட்கமாட்டேன். கேட்டதால்தான் தையல்காரர் கதவைத் தட்டினாய்.

அப்பாவிடம் போகும்போது இரண்டு விஷயம். ஒன்று, காகிதம் எதுவும் கொண்டுபோகாதே. எண்ணைப் பார்த்தாலே அவருக்குத் தன்னை வைவது போலத் தோன்றுகிறது. இரண்டு, இங்கேயும் பூஜ்யம் இல்லை. என் அப்பா மனசு நோகக்கூடாது என்று அதை விழுங்கிவிடாதே. இத்தனை நாள் நீ பிடித்த சண்டையில் உருப்படியானது அது ஒன்றுதான். பாதியாவது உண்மை இருந்த இடத்தில் பொய் சொல்லிச் சமாதானம் ஆக வேண்டாம்.

போன் பண்ணினேன், அவர் பேசவில்லை. "பஸ்ல இருக்கேன்னு சொல்லு" என்று அத்தையிடம் சொல்வது எனக்கே கேட்டது. ரிட்டயர் ஆகி ஆறு வருஷம்.


மே 19

மாமாவைப் பார்த்துவிட்டேன்.

உன் அத்தை வீட்டு மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டிலும் கைக்குழந்தை இருக்கிறது, அதனால் அவரே தனக்கு அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டாராம். சாப்பாட்டுத் தட்டு அங்கேயே வந்துவிடுகிறது. என்னைப் பார்த்ததும் எழுந்தார், நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை. அவரும் உட்காரவில்லை. காலி நாற்காலியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம்.

"வாங்க மாப்பிள்ளை. மெஷின் கொண்டு வரலையா?"

இல்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். நூல், முடி, தையல்காரர், என் கோட்டு, எல்லாம். படியில் யாராவது ஏறி இறங்கும்போதெல்லாம் நிறுத்த வேண்டியிருந்தது. நான் முடித்த பிறகும் அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நாலு பேர் முன்னாடி நீங்க சொன்னது?"

"தப்பு மாமா. பாதி தப்பு."

"பாதியா?"

"உங்க வீட்லயும் இருக்கு. கொஞ்சம்தான். என் வீட்ல இருந்தது அதைவிட நாலு மடங்கு."

அவர் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றே நினைத்தேன். "மன்னிப்பு கேக்க வந்த இடத்திலகூட கணக்கை விட மாட்டீங்களா" என்று சொல்லிச் சிரித்தார். உன் அத்தை மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும், மாடிப்படிக்குக் கீழே சொன்னால் செல்லாது என்றார். அதற்குத்தான் வருகிறேன் என்றேன். சிகரெட்டை விடுகிறேன் என்று சொல்லமாட்டாராம். பலமுறை சொல்லி ஒவ்வொரு முறையும் பொய்யாகிவிட்டதாம். ஆனால் வெளியே போய் வந்தால் குளிக்காமல் பேத்தி பக்கம் போவதில்லை, அதை மட்டும் சொல்லலாம் என்றார். நான் வந்தாலும் எனக்கும் அதே சட்டம்தானா என்று கேட்டார். அதே சட்டம்தான் என்றேன். கொஞ்சம் யோசித்து, "என்னைவிட உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். ஏன் என்று கேட்டேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

வருகிற ஞாயிறு வரலாமா? சித்தப்பாவையும் வாத்தியாரையும் கூப்பிட்டு வை. என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் ரிப்போர்ட் மாதிரி வருகிறது. வந்து நின்று பார்க்கிறேன்.


மே 22

டேய்,

வா.

சித்தப்பாவுக்கும் வாத்தியாருக்கும் சொல்லிவிட்டேன். வாத்தியார் எதற்கு என்று கேட்கவில்லை, "பேசட்டும், பேசட்டும்" என்றார். நீ ரிப்போர்ட் மாதிரியே பேசு. வேறு மாதிரி பேசினால் யாரும் நம்பப் போவதில்லை.

அப்பா நேற்று வந்துவிட்டார். ஏன் உனக்குத்தான் கஷ்டம் என்று கேட்டிருந்தாயே, நேற்று எனக்கு விளங்கியது. ஆட்டோ நின்றதுமே சுண்டு ஓடினாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தடுக்கி விழப் பார்த்து, ஓடினாள். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இரு கண்ணு, தாத்தா குளிச்சுட்டு வந்துடறேன்" என்றார். அவளுக்குப் புரியவில்லை. அவர் காலைப் பிடித்தாள், அவர் விடுவித்துக்கொண்டு நடந்தார். ஒரு மாதம் கழித்து வந்த தாத்தா தன்னைத் தாண்டிப் போகிறார் என்று அவள் வாசலில் நின்று கத்தி அழுதாள். நான் தூக்கினால் என்னை அடித்தாள். குளியலறைக் கதவை உள்ளே சாத்திக்கொண்டு அவர் தண்ணீரே ஊற்றாமல் கொஞ்ச நேரம் நின்றார், எனக்குத் தெரியும். அப்புறம்தான் சத்தம் கேட்டது.

பஸ்ஸில் உன் பக்கத்து சீட்டில் யார் சிகரெட் குடித்துவிட்டு வந்து உட்காருவானோ தெரியாது. பின்வாசல் வழியாக வா என்று சொல்லலாம், ஆனால் அவள் விடமாட்டாள், அதற்குள் உன்னைப் பார்த்துவிடுவாள். உன்னைப் பார்த்து நாலு மாதமாகிறது. தாத்தாவிடம் ஓடியதைவிட வேகமாக ஓடி வருவாள். தூக்காதே. அழுவாள், அப்போதும் தூக்காதே. நேராகக் குளிக்கப் போ. துண்டும் மாற்று உடுப்பும் உள்ளே வைத்திருப்பேன்.

அதைத் தாண்டிவிட்டால் சித்தப்பா முன்னால் பேசுவதெல்லாம் ஒன்றுமே இல்லை.